வாக்கும் வாங்கும்: சுவிஸ் ஊர்ச்சபைக் கூட்டங்கள் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் மொழிப் பகுதியிலுள்ள சிற்றூர்களில் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு சிறு புத்தகம் அச்சாகி வருகிறது. கோடையின் தொடக்கத்தில் வருவது கடந்த வருடக் கணக்கறிக்கை. கார்த்திகை, மார்கழியில் வருவது அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டம். ஊர்ச்சபைக் கூட்டம் எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு, கூட்டம் முடிந்தபின் வைனும் பாற்கட்டியும் உண்டு என்பன போன்ற விபரங்களும் அதில் இருக்கும். இவற்றுக்கிடையில் பல ஊர்களில் ஒரு வசனத்தைக் காணலாம்: வாக்குரிமை அற்றோரும் விருந்தினராக வரவேற்கப்படுகின்றனர். இந்த ஒற்றை வசனத்தைத்தான் இக்கட்டுரையில் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். புத்தகம் ஒன்றை விமர்சிப்பதற்கு என்ன நியாயம் உண்டோ அதே நியாயம் இந்த வசனத்துக்கும் உண்டு. ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் பிரதி வேறொன்று என் கைக்கு இதுவரை வந்ததில்லை.

இந்த நாட்டில் 2100 அளவில் உள்ளூராட்சி அலகுகள் உள்ளன. நம்மவர் நாவில் 'கெமைண்ட' என்று வழங்குவது இதுவே. இவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சபை கிடையாது. வாக்காளர்கள் அனைவரும் ஒரு மண்டபத்தில் கூடிக் கையுயர்த்தித் தீர்மானிப்பதே முறை. ஊரின் வரிவீதம், பாடசாலைக் கட்டடம், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்துக்கான மானியம், குடிநீர்க் குழாய், முதியோர் இல்லம், பல இடங்களில் யாருக்குக் குடியுரிமை வழங்குவது என்பதுகூட அங்கே முடிவாகிறது. நேரடி ஜனநாயகத்தின் தொட்டில் என்று சுவிஸ்காரர் பெருமைப்படுவது இதைத்தான். பெருமையில் நியாயம் இல்லாமல் இல்லை. தீயணைப்பு வண்டி ஒன்று வாங்குவதற்கு ஊர்த்தலைவர் எழுந்து நின்று ஒரு பாற்பண்ணைக்காரரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. நமது நாட்டில் அமைச்சர் ஒருவர் அப்படி நின்றதை நான் கண்டதில்லை.

ஆனால் நம்மிடையே இது பற்றிய எழுத்து எங்கே? புகலிடச் சஞ்சிகைகள் தோன்றிய காலத்திலிருந்து சுயநிர்ணய உரிமை பற்றி, தேசியத்தின் கருத்தியல் பற்றி, அமைப்பியல், பின்நவீனத்துவம், தலித்தியம், பெண்ணியம் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். அவற்றின் தேவையை நான் மறுப்பவனல்ல. அதிகாரம் பற்றி இவ்வளவு எழுதிய நாம், நமது பிள்ளைகளின் பாலர் வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நமது வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைதூரத்தில் செயற்படுவதை ஏன் கவனிக்கவில்லை? கெமைண்ட என்பது நம்மவருக்கு வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் யன்னல், கலைவிழாவுக்கு மண்டபம் எடுக்கும் அலுவலகம், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு வகுப்பறைத் திறப்புத் தரும் இடம். அதற்கு அப்பால் அது யாருடைய வீடோ.

இனி அந்த வசனத்துக்கு வருவோம். 'விருந்தினர்' என்ற சொல் எங்கே கொண்டுபோய் உட்கார்த்துகிறது? மண்டபத்தில் வாக்காளர் ஆசனங்கள் வேறு, வாக்கற்றோர் ஆசனங்கள் வேறு. கையுயர்த்தும்போது எண்ணுவோருக்குக் குழப்பம் வரக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். பத்திரிகை நிருபர், ஊர்ச்சபை ஊழியர்களில் வேற்றூர்க்காரர், வெளிநாட்டவர் எல்லோருக்கும் பக்கவாட்டிலோ முன் மூலையிலோ ஒரு வாங்கு. கூட்டம் தொடங்கும்போது தலைவர் கேட்கிறார்: இங்கு அமர்ந்திருக்கும் எவரது வாக்குரிமையையாவது யாரேனும் ஆட்சேபிக்கிறீர்களா? ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லோருடைய கண்களும் ஒருமுறை அந்த வாங்குப் பக்கம் போய் மீள்கின்றன. பின்மாலைச் சுற்று வேலையை ஒரு துருக்கி நண்பருடன் மாற்றிக்கொண்டு இரண்டு தடவை அந்த வாங்கில் நான் இருந்திருக்கிறேன். இரண்டு தடவையும் என்னுடன் இருந்தவர் உள்ளூர்ப் பத்திரிகையின் இளம் நிருபர் ஒருவர் மட்டுமே. அவருக்கு அது சம்பளத்துக்கான வேலை.

யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குத் தனி ஆசனம் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 1930 இல் உதவி பெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது நமது பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பது வரலாறு. பாடசாலைகள் எரிந்தன. நிலத்தில் இருந்து படிக்கலாம், வகுப்பறைக்கு வெளியே நின்று கேட்கலாம், 'வரவேற்கப்படுகிறார்கள்', ஆனால் எங்களோடு ஒரே வாங்கில் அல்ல. அதற்கு இரண்டொரு வருடங்களுக்கு முன்னர், டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில், எல்லோருக்கும் வாக்குரிமை என்ற யோசனையைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். இத்தனைக்கும் பிறகு இலங்கையில் 1931 இல் பெண்கள் உட்பட அனைவரும் வாக்களித்தனர். சுவிஸ் பெண்கள் அதற்கு இன்னும் 40 வருடங்கள் காத்திருக்கவேண்டியிருந்தது. இதைச் சுவிஸ் நண்பர்களிடம் சொல்லும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டாவதை மறைப்பானேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்காது. அதே இலங்கையில் 1930களின் பிற்பகுதியில் கிராமசபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். 1987 இன் பிரதேச சபைச் சட்டம் வந்த பின்னரும், தோட்டப் பகுதிகளில் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இல். முப்பது வருடங்களாக ஒரு மலையகத் தமிழர் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், அதன் உறுப்பினராகக்கூட வரலாம், ஆனால் தன் லயத்துக்கு முன்னால் உள்ள பாதைக்கு அந்தச் சபையிடம் நியாயமாக எதையும் பெறமுடியாது. வாக்குரிமை கிடைத்தாலே வாசல் திறந்துவிடும் என்று நம்புவோர் இந்த உதாரணத்தை யோசித்துப் பார்க்கவேண்டும்.

நமது தமிழ் அபிமானிகள் இந்த இடத்தில் குடவோலையை எடுத்து வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. உள்ளூராட்சியின் வரலாற்றில் அது ஒரு அபூர்வமான ஆவணம் என்பதில் சந்தேகமில்லை. கணக்குக் காட்டாதவனும் அவனது உறவினரும் குடத்துக்குள் பெயர் போடத் தகுதியற்றவர் என்ற விதியை இன்றைய எந்தச் சபையும் கடன் வாங்கலாம். ஆனால் யார் தகுதியுள்ளவர்? வரி செலுத்தும் கால்வேலி நிலமாவது இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில், வேதம் தெரிந்திருக்கவேண்டும். அது பிராமணர் சபை. அந்த நிலத்தை உழுதவர்கள் எந்த வாங்கில் இருந்தார்கள் என்று கல்வெட்டில் தேடிப் பயனில்லை. சுவிஸ்காரர் தம் ஊர்ச்சபையைப் பற்றிப் பேசும் தொனியும் நாம் குடவோலையைப் பற்றிப் பேசும் தொனியும் ஒன்றாகவே இருக்கின்றன. உள்ளே இருந்தவர்களின் சமத்துவத்தைக் காட்டி வெளியே நின்றவர்களை மறப்பது இரண்டுக்கும் பொது.

சுவிஸ் ஊர்ச்சபை தன் வாசலை எப்படித் திறந்தது என்பதில் நமக்குப் படிப்பினை உண்டு. 1959 இல் நாடு தழுவிய வாக்கெடுப்பில் ஆண்கள் பெண்களின் வாக்குரிமையை மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் நிராகரித்தனர். அதற்கும் இரண்டு வருடங்களுக்கு முன், 1957 மாசி கழிந்து பங்குனி 3ஆம் திகதி, வாலிஸ் மாநிலத்தின் உண்டர்பெக் என்ற மலைக்கிராமத்தில் ஊர்ச்சபை தன் சொந்தப் பொறுப்பில் பெண்களை வாக்களிக்க அழைத்தது. அன்றைய விடயம் பெண்களையும் குடிசார் பாதுகாப்புச் சேவையில் கட்டாயமாகச் சேர்ப்பது பற்றியது. கடமை பெண்களுக்கு, வாக்கு ஆண்களுக்கா என்பதே கேள்வி. ஊர்த்தலைவரின் மனைவி கத்தரீனா சென்ஹொய்சேர்ண் முதலாவதாகப் போய் வாக்குச் சீட்டைப் போட்டார். மேலிடம் அந்த வாக்குகளை எண்ணவில்லை. ஆயினும் சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. 1971 இல் கூட்டாட்சி மட்டத்தில் உரிமை வந்தது. அப்பென்செல் உள்மாநிலத்து ஆண்கள் 1990 சித்திரையிலும்கூட வாளும் கையுமாகத் திறந்தவெளியில் கூடி மறுத்துவிட்டார்கள். அந்த வருடக் கார்த்திகையில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டே அது முடிவுக்கு வந்தது. மண்டபத்தில் இடம் போதாது, திறந்தவெளி கொள்ளாது, மரபு கெட்டுவிடும் என்று அன்று சொல்லப்பட்ட காரணங்கள் இன்று நமக்கும் சொல்லப்படுகின்றன.

வாக்குரிமையை ஒரு கணம் ஒதுக்கிவைத்துவிட்டு, வாக்குரிமை உள்ளவர்களாவது வருகிறார்களா என்று பார்ப்போம். பல ஊர்களில் பத்தில் ஒருவர்கூட வருவதில்லை. பெரிய ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். கூட்டம் இரவு எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் வரக்கூடியவர் யார்? பின்மாலைச் சுற்றில் இயந்திரத்துக்கு முன் நிற்பவர் வரமுடியாது. முதியோர் இல்லத்தில் இரவுக் கடமை செய்யும் பெண் வரமுடியாது. உணவகச் சமையலறையில் பாத்திரத்துடன் நிற்பவருக்கு அது உச்ச வேளை. சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு இருவரும் வரமுடியாது, ஆகவே ஒருவர் வருவார், யார் என்பது ஊகத்துக்குரியதல்ல. காது மங்கியவர் வந்தாலும் பின்வரிசைப் பேச்சு அவருக்குக் கேட்காது, ஏனெனில் ஒலிவாங்கி மேடையில் மட்டும். சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை இருக்கிறதா என்பது மண்டபம் எந்த வருடம் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. அங்கவீனர் சமத்துவச் சட்டம் 2004 இல் நடைமுறைக்கு வந்தது, பழைய உடற்பயிற்சி மண்டபங்கள் அதற்கு முந்தியவை. 2020 இல் கொரோனாத் தொற்றின்போது சில ஊர்களில் கூட்டத்தைக் கைவிட்டு விடயங்களை வாக்குப்பெட்டிக்கு அனுப்பினார்கள். மண்டபத்தில் ஒருநாளும் காணப்படாத பெருந்தொகையானோர் வீட்டிலிருந்தே தபாலில் வாக்களித்தனர். தொற்று போனது, கூட்டம் திரும்பி வந்தது, பழைய முகங்களும் திரும்பி வந்தன.

கையுயர்த்தும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. உன் வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு வரிசைக்கு முன்னால் இருக்கிறார். உன் தொழிற்சாலை முகாமையாளர் பக்கத்து வரிசையில். குறித்த பங்கினர் கோரினால் இரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம் என்று விதி உண்டு, ஆனால் இரகசியம் வேண்டும் என்று கேட்பதற்கே பகிரங்கமாகக் கையுயர்த்தவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது மொழி. சிறு புத்தகம் உயர் ஜேர்மனில் அச்சாகியிருக்கும். வகுப்புக்குப் போய், அகராதி புரட்டி, பரீட்சை எழுதி நாம் கற்றது அந்த ஜேர்மனைத்தான். வீட்டிலிருந்து அதைப் படித்து ஓரளவு விளங்கிக்கொண்டு போனால், மண்டபத்தில் வரவேற்புரையின் இரண்டாவது வசனத்திலேயே பேச்சு சுவிஸ் ஜேர்மனுக்கு மாறிவிடுகிறது. அது ஒரு மொழியும் அல்ல, ஊருக்கு ஊர் வேறு. பேர்ண்காரர் இழுத்துப் பேசுவார், சூரிச்காரர் வெட்டிப் பேசுவார், வாலிஸ்காரர் பேசுவது மற்றச் சுவிஸ்காரருக்கே சிரமம். எண்கள் மட்டும் பிடிபடும். வரிவீதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை முகங்களைப் பார்த்து அறிந்துகொள்ளவேண்டியதுதான்.

ஆகவே எல்லோரும் உயர் ஜேர்மனில் பேசவேண்டும் என்று கோருவது இலகு. புகலிட நண்பர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. தமிழில் வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்லவே. எழுதுவது ஒரு தமிழ், கதைப்பது இன்னொரு தமிழ். ஊரில் சனசமூக நிலையத்துக் கூட்டமென்றாலும் தலைவர் எழுந்தவுடன் மேடைத் தமிழில் தொடங்கிவிடுவார். 'அன்பார்ந்த பெரியோர்களே' என்று ஆரம்பித்து அரைமணித்தியாலம் போகும். மூலையில் நிற்கும் கூலித்தொழிலாளிக்குக் கிணறு தூர்ந்துபோன விடயம் சொல்லவேண்டியிருக்கும். அவனுக்கு மேடைத் தமிழ் வராது. கதைக்கும் தமிழில் அந்தச் சபையில் வாய் திறந்தால் சிரிப்பார்கள். அவன் பேசாமல் போய்விடுவான். நம் ஊரில் உயர்ந்த மொழி வாயை அடைத்தது. இங்கே வீட்டு மொழி காதை அடைக்கிறது. பாற்பண்ணைக்காரருக்கு உயர் ஜேர்மன் என்பது பாடசாலை மொழி, பரீட்சை மொழி, அதிகாரியின் மொழி. அதில் பேசச் சொன்னால் அவர் மௌனமாகிவிடுவார், வழக்கறிஞரும் ஆசிரியரும் மட்டுமே பேசுவார்கள். ஊர்த்தலைவரைக் குறுக்குக் கேள்வி கேட்கும் அந்த மனிதரை நான் இழக்க விரும்பவில்லை. சூரிச் மாநில வாக்காளர் 2011 இல் பாலர் வகுப்புகளில் பிரதானமாகப் பேச்சுமொழியே இருக்கவேண்டும் என்று தீர்மானித்ததற்குப் பின்னால் வெளிநாட்டவர் மீதான வெறுப்பு மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தம் நாவைத் தாம் இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சம் நமக்கு விளங்காததா?

அப்படியானால் வழி என்ன? வழி இந்த நாட்டிலேயே இருக்கிறது. கூட்டாட்சிப் பாராளுமன்றத்தின் தேசிய சபையில் ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. பீல் நகரசபையில் ஒருவர் ஜேர்மனில் பேச மற்றவர் பிரெஞ்சில் பதில் சொல்கிறார், உலகம் இடிந்து விழவில்லை. அவரவர் தமக்கு வரும் மொழியில் பேசட்டும். ஒவ்வொரு விடயத்தின் முடிவிலும், கையுயர்த்துவதற்கு முன், தலைவர் உயர் ஜேர்மனில் ஐந்து வசனங்களில் சுருக்கிச் சொல்லட்டும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. பாடசாலையில் நம் பிள்ளையின் ஆசிரியரைச் சந்திக்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அரசே கூலி கொடுத்து வரவழைக்கிறது. பிள்ளை மேல்நிலை வகுப்புக்குத் தகுதியில்லை என்பதைத் தகப்பனுக்கு விளங்கவைக்க மொழிபெயர்ப்பாளர் உண்டு. அந்தப் பாடசாலைக்கு எத்தனை மில்லியன் பிராங்க் என்பதைத் தீர்மானிக்கும் இரவில் அவர் இல்லை. முடிவுகள் நம்மை வந்தடைவதற்கு மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, நாம் முடிவுகளைச் சென்றடைவதற்குக் கிடைப்பதில்லை.

குடியுரிமை விண்ணப்பங்களின் கதை தெரிந்ததுதான். லூசேர்ண் மாநிலத்து எம்மென் நகரில் 2000 பங்குனியில் வாக்குப்பெட்டி மூலம் 23 விண்ணப்பங்கள் முடிவு செய்யப்பட்டபோது இத்தாலியப் பின்னணி கொண்டவர்களுடையவை மட்டும் தப்பின. பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 2003 ஆடியில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்றது. காரணம் கூறாமல் நிராகரிக்கும் வாக்குப்பெட்டி முறை அரசியலமைப்புக்கு விரோதம் என்றும் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தை மீறி அம்முறையை மீட்க வந்த முன்மொழிவை 2008 இல் மக்களே நிராகரித்தனர். இன்று ஊர்ச்சபைக் கூட்டத்தில் ஒருவரை நிராகரிக்கவேண்டுமானால் காரணத்துடன் கூடிய பிரேரணை தேவை. இது முன்னேற்றமே. ஆயினும் விண்ணப்பதாரி பல இடங்களில் தன் விடயம் பேசப்படும்போது மண்டபத்துக்கு வெளியே நிற்கிறார், கதவு திறந்ததும் உள்ளே கைதட்டல் கேட்கிறது, அவரும் கைதட்டுகிறார்.

சுவிற்சர்லாந்து முழுவதும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. நொஷாத்தேல் மாநிலம் வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமையை முதன்முதலில் வழங்கியது 1849 இல். நாம் பிறப்பதற்கு நூறு வருடங்களுக்கு மேல் முன்னர். யூரா மாநிலம் 1979 இல் உருவானபோதே அவ்வுரிமையோடு பிறந்தது. வோ, பிறைபூர்க், ஜெனீவா மாநிலங்கள் 2000களின் முதற்பாதியில் வழங்கின. ஜேர்மன் மொழிப் பகுதியில் அப்பென்செல் வெளிமாநிலமும் கிறவுபுண்டனும் ஊர்கள் விரும்பினால் வழங்கலாம் என்று விட்டன. விரும்பிய ஊர்கள் மிகச் சில. பேர்ண் மாநில வாக்காளர் 2010 இலும் சூரிச் மாநில வாக்காளர் 2013 இலும், ஊர்கள் விரும்பினால் வழங்கலாம் என்ற அந்த அனுமதியையே பெரும்பான்மையாக மறுத்தனர். நம்மவரில் மிகப் பெரும்பாலானோர் வாழ்வது இந்த ஜேர்மன் மொழிப் பகுதியில். இந்நாட்டில் வாழ்வோரில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் குடியுரிமை கொண்டவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஊர்ச்சபை மண்டபத்தில் கையுயர்த்துவது ஊர் என்று சொல்வது எவ்வளவு தூரம் பொருந்தும்?

இனி நம் பக்கத்து ஆட்சேபங்கள். முதலாவது: இது நமது நாடல்ல, நமக்கேன் இந்த வேலை. இதைச் சொல்லும் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் இவ்வூர்க் கால்பந்துக் கழகத்தில் விளையாடுகிறார்கள். சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடிபடும்போது அது யாருடைய நாடு என்று எவரும் கேட்பதில்லை. இரண்டாவது ஆட்சேபம் இடதுசாரி நண்பர்களுடையது: முதலாளித்துவ அரசின் அடிமட்டக் கூடாரத்தில் போய் ஒரு மூலையில் இருப்பது அரசியலா, சாக்கடைக் குழாய் பற்றிப் பேசுவது வர்க்கப் போராட்டமா? நான் விரிவுரை மண்டபத்தில் இருந்த காலத்தில் இந்த வாதத்தை இன்னும் அழகாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் கொசோவோப் பெண் குழந்தைகள் பராமரிப்பு நிலையக் கட்டணம் உயர்ந்ததால் வாரத்தில் இரண்டு நாள் வேலையை விட்டாள். அந்தக் கட்டணம் எந்த இரவில், எந்த மண்டபத்தில், எத்தனை பேர் கையுயர்த்தி உயர்ந்தது என்பதை அவள் அறியமாட்டாள். வர்க்கம் என்பது இதற்கு வெளியே எங்கோ இருக்கிறதா?

மூன்றாவது ஆட்சேபம் உண்மையில் மௌனமானது, நமது சங்கங்களில் அது வாழ்கிறது. மற்றவர் வாசலைப் பற்றி எழுதும்போது நம் வாசலையும் பார்க்கவேண்டும். நமது ஆலய நிர்வாகங்களின், ஊர்ச்சங்கங்களின், பழைய மாணவர் மன்றங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டங்களுக்குப் போயிருக்கிறீர்களா? நிகழ்ச்சி நிரல் கூட்டத்தன்றுதான் தெரியவரும். கணக்கறிக்கை வாசிக்கப்படும், கையில் தரப்படாது. பெண்கள் சமையலறையில் வடை சுடுவார்கள். இங்கே பிறந்த இளையவர்களுக்கு மேடைத் தமிழ் விளங்காது. கேள்வி கேட்க எழும் பையன் தன் வீட்டுத் தமிழில், இடையிடையே ஜேர்மன் சொல் கலந்து கேட்பான். முன்வரிசை சிரிக்கும். அவன் அடுத்த வருடம் வரமாட்டான். 'இளைஞர்களுக்கு அக்கறையில்லை' என்று செயலாளர் அறிக்கையில் எழுதுவார். சுவிஸ் ஊர்ச்சபையின் சிறு புத்தகமாவது மூன்று வாரம் முன்னதாக வருகிறது, ஒவ்வொரு பிராங்கும் அச்சில் இருக்கிறது. நாம் அவர்களிடம் கோருவதை நம்மிடமும் கோரவேண்டியிருக்கிறது. நம் கூட்டங்களில் பழகாதவர் அவர்கள் கூட்டத்தில் எழுந்து பேசப்போவதில்லை.

வாக்குரிமை வரும்வரை காத்திருப்பதா என்றால், இல்லை. முறைப்பாட்டு மனு கொடுக்கும் உரிமை கூட்டாட்சி அரசியலமைப்பின் 33ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அது எந்த நாட்டுக் குடியுரிமை என்று கேட்பதில்லை, 'ஒவ்வொரு நபரும்' என்றுதான் சொல்கிறது. பேர்ண் நகர வாக்காளர் 2015 ஆனியில் ஒரு விதியை ஏற்றுக்கொண்டனர். வாக்குரிமையற்ற வெளிநாட்டவர் 200 பேர் கையொப்பமிட்டால் நகரசபையில் ஒரு பிரேரணையைக் கொண்டுவரலாம், அதன் பிரதிநிதியாக ஒருவர் சபையில் எழுந்து அதற்காகப் பேசலாம். பேர்ண் நகரில் நம்மவர் 200 பேரைத் தேடுவதற்கு ஒரு திருவிழா மதியம் போதும். அன்னதான வரிசையில் ஒரு மேசையும் நான்கு பேனாவும் வைத்தால் சரி. இந்த விதியை அறிந்த தமிழர் எத்தனை பேர் என்று அந்நகரத்து நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். ஒருவர் அறிந்திருந்தார். அவர் தபாலகத்தில் வேலை செய்பவர்.

எங்கள் ஊரில் அப்படியொரு விதி கிடையாது. ஆகவே நாங்கள் ஏழு பேர், மூவர் தமிழர், இருவர் கொசோவோ அல்பானியர், ஒரு துருக்கியர், ஒரு போர்த்துக்கல் பெண், ஊர்ச்சபைக்கு ஒரு மனு எழுதினோம். எழுதியது உயர் ஜேர்மனில், திருத்தித் தந்தவர் ஓய்வுபெற்ற சுவிஸ் ஆசிரியை ஒருவர். கோரிக்கைகள் நான்கு. வருடத்தில் இரண்டு கூட்டங்களில் ஒன்றையாவது சனிக்கிழமை காலையில் நடத்துதல். கூட்ட நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கப் பாலர் வகுப்பறையைத் திறந்து விடுதல். மண்டபத்துக்குள் சுற்றி வரும் இரண்டாவது ஒலிவாங்கி. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன் உயர் ஜேர்மனில் சுருக்கம். வாங்கைப் பற்றி எழுதுவதா விடுவதா என்று நீண்ட விவாதம் நடந்தது. துருக்கிய நண்பர் எழுதவேண்டும் என்றார். போர்த்துக்கல் பெண் முதலில் ஒலிவாங்கி வரட்டும் என்றார். கடைசியில் ஆசிரியை ஒரு வசனத்தைச் சேர்த்தார்: வாக்கற்றோரும் தம் குடும்பத்தினருடன் சேர்ந்து அமர அனுமதிக்கப்படவேண்டும், எண்ணும் வசதிக்காக வாக்காளர் கையில் ஒரு நிற அட்டை வழங்கலாம்.

அட்டை வழங்கும் முறை இந்நாட்டின் திறந்தவெளிச் சபைகளில் ஏற்கெனவே உள்ளதுதான். கிளாரூஸ் மாநிலத்தில் வாக்குரிமை அட்டையைத்தான் உயர்த்திக் காட்டுகிறார்கள். ஆசிரியை இதையும் அடியில் எழுதிவிட்டார். மனு பதிவுத் தபாலில் போயிருக்கிறது. வரவுசெலவுக் கூட்டம் மார்கழி முதல் வாரத்தில், வியாழக்கிழமை, இரவு எட்டு மணிக்கு. அன்றைக்கு எனக்குப் பின்மாலைச் சுற்று.